மூக்கு எந்தப் பாதி?

ஆள் பாதி, ஆடை பாதி என்று சொல்லி வைத்தார்கள். சரி. மூக்கு எந்தப் பாதியில் சேரும்?

சிரிக்காதீர்கள். சென்னையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் போன மாதம் முழுக்க இந்தப் பஞ்சாயத்துதான். மகள் சி.ஏ. படிக்கிறார். இன்டர் பாஸ். அடுத்து ஆர்ட்டிகிள்ஷிப். ஆடிட்டர் ஆபீஸ்களில் ஏறி இறங்கி இன்டர்வியூ கொடுக்க வேண்டிய நேரம். இந்த நேரம் பார்த்து அவருக்கு ஓர் ஆசை. மூக்கின் இரண்டு துவாரங்களுக்கும் நடுவே ஒரு சின்ன வளையம். இளசுகள் பாஷையில் ‘செப்டம் பியர்சிங்’.

‘‘ஏண்டி, மூக்கணாங்கயிறா குத்திக்கப் போறே?’’ என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். ‘‘முதல்ல வேலையில உட்காரும்மா. அப்புறம் எதை வேணா மாட்டிக்கோ’’ என்றார் அப்பா. பாட்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, செல்போனில் இருந்த படத்தை உற்றுப் பார்த்தார். ‘‘இதுக்கா இந்த ரகளை? இது புல்லாக்குடி! எங்க பாட்டி சாகற வரைக்கும் போட்டிருந்தாளே!’’

ஒரே ஓட்டை. அம்மாவுக்கு அது மாடு, அப்பாவுக்கு அது சம்பளம், பாட்டிக்கு அது பாட்டி.

அந்தப் பெண் என்னிடம் கேட்ட கேள்வி வேறு. ‘‘இதுல ஒரு வசதி இருக்கு சார். லாட வடிவத்துல வளையம் போட்டுக்கிட்டா, அப்படியே மடிச்சு மூக்குக்குள்ள தள்ளிடலாம். வெளியே துளிகூடத் தெரியாது. இன்டர்வியூவுக்கு மடிச்சு வச்சுக்கிட்டுப் போயிட்டு, சாயங்காலம் இறக்கி விட்டுக்கலாம். ஆனா அப்படிச் செஞ்சா நான் பொய் சொல்ற மாதிரி ஆகாதா?’’

இந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. வலிக்குமா, சீழ் பிடிக்குமா என்று கேட்டிருந்தால் விஷயம் சுலபம். சுத்தமான கருவிகளோடு, விஷயம் தெரிந்தவர் குத்தினால் ஊசி குருத்தெலும்பில் போகாது. அதற்கு முன்னால் இருக்கும் மெல்லிய சதையில்தான் போகும். முதல் ஆறு முதல் எட்டு வாரம் அதைத் திருகாமல், நோண்டாமல் இருக்க வேண்டும். அதனால் பதினைந்து நாளில் இன்டர்வியூ இருக்கிறவர்கள் அதை முடித்துவிட்டுக் குத்திக்கொள்வது உத்தமம். உடம்பைப் பற்றிய பதில் அவ்வளவுதான்.

மனசைப் பற்றிய கேள்விக்குத்தான் இந்த இரண்டு பக்கம்.

மடித்துக்கொள்வது பொய்யா? அதைச் சொல்வதற்கு முன்னால், எதிர் நாற்காலியில் இருப்பவர் ஏன் மூக்கைப் பார்க்கிறார் என்று கேட்க வேண்டும். அவரை வில்லனாக்குவது சுலபம். ஆனால் நியாயம் இல்லை.

சி.ஏ. பரீட்சைத் தாளைத் திருத்துகிறவர் உங்கள் மூக்கைப் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பதெல்லாம் பதில் மட்டும்தான். பேலன்ஸ் ஷீட் டாலி ஆனால் மார்க். உலகத்தில் எல்லா வேலையையும் இப்படியே அளக்க முடிந்தால் ஆடை பாதி என்ற பேச்சே கிடையாது. ஆனால் அளக்க முடிவதில்லை. என் பல் டாக்டருக்கு வேர் சிகிச்சை எவ்வளவு தெரியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்ப்பது வெள்ளைக் கோட்டு, சுவரில் மாட்டிய சர்ட்டிபிகேட், பளிச்சென்று துடைத்த மேஜை. தெரியாத திறமைக்குப் பதிலாகத் தெரிகிற தோற்றத்தை எடைபோடுகிறோம். நாம் எல்லோரும் தினமும் செய்வது இது. ஆட்டோவில் ஏறும் முன் டிரைவர் முகத்தைப் பார்க்கிறோமா இல்லையா?

நான் பி.காம். படித்தவன். அதனால் இதை என் பாஷையில் சொல்கிறேன். கணக்கியலில் ‘குட்வில்’ என்று ஒரு சொத்து உண்டு. நற்பெயர். இதில் ஒரு வேடிக்கை, காசு கொடுத்து வாங்கிய குட்வில்லைத்தான் சொத்து என்று புத்தகத்தில் எழுதலாம். நீங்களே பாடுபட்டு வளர்த்த குட்வில்லை எழுதக் கூடாது. இந்தியக் கணக்கியல் தரநிலை 26 அப்படித்தான் சொல்கிறது. அளக்க முடியாததை சொத்துப் பட்டியலில் சேர்க்காதே என்பது தத்துவம்.

புதிதாக வேலைக்குப் போகிறவரின் நிலையும் இதுதான். கையில் திறமை இருக்கலாம். ஆனால் சொந்தமாக எழுதிக் காட்ட நற்பெயர் கிடையாது. சௌகார்பேட்டைக் கடைக்கு ஸ்டாக் எடுக்கப் போனால், கல்லாவில் இருக்கும் பெரியவர் அவரைப் பார்ப்பதில்லை. ‘நம்ம ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்து வந்த பொண்ணு’ என்றுதான் பார்ப்பார். அங்கே செலவாவது ஆடிட்டர் முப்பது வருஷம் சேர்த்த பெயர். தன் பெயரை இரவல் கொடுப்பவர், ‘கொஞ்சம் பார்த்துப் போம்மா’ என்று சொல்வதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு நியாயம். முழு நியாயம் இல்லை. ஏன் என்பதற்கு ஒரு பழைய கதை.

1913 ஜனவரியில் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் ஒரு கணக்குப் பிரிவு குமாஸ்தா, மாதம் முப்பது ரூபாய் சம்பளக்காரர், கேம்பிரிட்ஜுக்கு ஒரு கடிதம் போட்டார். பக்கம் பக்கமாகத் தேற்றங்கள். அதைப் படித்த ஹார்டிக்கு எழுதியவரின் முகம் தெரியாது. தெரிந்தது கணக்கு மட்டும். கணக்கைப் பார்த்தே, இது சாதாரண ஆள் இல்லை என்று முடிவு செய்தார். ராமானுஜன் என்ற பெயரை உலகம் தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆனால் 1914 மார்ச்சில் கப்பல் ஏறும் முன் அவர் செய்ய வேண்டியிருந்தது என்ன தெரியுமா? குடுமியை வெட்டிக்கொண்டு கிராப். வேட்டிக்குப் பதில் கோட்டு, கால்சட்டை, பூட்ஸ். குடுமி போனதற்கு அவர் மிகவும் மனம் வருந்தினார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தபாலில் போன கணக்குக்குக் குடுமி தடையாக இல்லை. சாப்பாட்டு மேஜையில் உட்காரும்போதுதான் தடை. குடுமியால் ஒரு தேற்றமாவது தப்பாகியிருக்குமா? ஆகாது. அப்படியானால் வெட்டியது எதற்காக? எதிரே உட்கார்ந்து சாப்பிடப்போகிறவர்களின் கண் பழக்கத்துக்காக. அந்தக் கண்களின் கூச்சத்துக்கு யார் விலை கொடுத்தார்கள்? ஊரைவிட்டுத் தனியாகப் போன இருபத்தாறு வயதுப் பையன்.

மூக்கு விஷயத்திலும் இதுதான் முடிச்சு. அடுத்தவர் கண்ணுக்குப் பழக்கமில்லை என்பதற்கான செலவை யார் கணக்கில் எழுதுவது?

இந்த இடத்தில் நம்மவர்களுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றும். ‘இது பேஷன் இல்லை சார், நம் பாரம்பரியம். புல்லாக்கு! பரதநாட்டியக் கலைஞர்கள் இன்றைக்கும் மேடையில் போடுகிறார்களே’ என்று பாட்டியை சாட்சிக் கூண்டில் ஏற்றுவது. ஆசைக்கு வயதான ஆள் ஜாமீன் போடுவது மாதிரி.

நல்ல உத்திதான். ஆனால் கொஞ்சம் தோண்டினால் ஆட்டம் காணும். ‘புல்லாக்கு’ என்ற சொல்லே உருது வழியாக வந்தது என்கிறது தமிழ் லெக்சிகன். பல்லவர், சோழர் காலத்துப் பழைய சிற்பங்களில் காதணி உண்டு, கழுத்தணி உண்டு, ஒட்டியாணம் உண்டு, மூக்கில் ஒன்றும் இல்லை என்று ஆய்வாளர்கள் எப்போதோ எடுத்துச் சொல்லிவிட்டார்கள். ஆக, நாம் ஆதி காலத்துச் சங்கதி என்று நினைக்கிற மூக்கணியும் ஏதோ ஒரு நூற்றாண்டில் புது பேஷனாகத்தான் வந்திருக்க வேண்டும். அன்றைக்கும் ஒரு அம்மா, ‘ஏண்டி, மூக்கணாங்கயிறா?’ என்று கேட்டிருப்பார்.

கடுக்கன் கதையைப் பாருங்கள். ஒரு காலத்தில் கடுக்கன் போடாத பெரிய மனிதர் கிடையாது. பழைய குரூப் போட்டோக்களில் வக்கீல்கள், மிராசுதார்கள், வித்வான்கள் எல்லோர் காதிலும் பார்க்கலாம். காது மின்னினால்தான் கனவான். இன்று ஒரு பையன் காதில் கம்மலோடு பேங்க் இன்டர்வியூவுக்குப் போனால்? காது அதேதான். பார்க்கிற கண்தான் மாறிவிட்டது.

பாட்டி சாட்சியைக் கோர்ட் எப்படிப் பார்க்கும்? இதற்கு ஒரு நிஜ வழக்கு இருக்கிறது. அதுவும் நம் வம்சாவளிப் பெண்ணின் வழக்கு.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம். அங்கே தென்னிந்திய வழித்தோன்றலான ஒரு மாணவி 2004-ல் பள்ளி விடுமுறையில் மூக்கு குத்திக்கொண்டு வந்தார். டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளி, விதிப்படி கூடாது என்றது. பெண் பெரியவளானால் மூக்கு குத்துவதும், பதினாறாவது பிறந்தநாளில் பாட்டி கையால் தங்க மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவதும் எங்கள் குடும்ப வழக்கம் என்றார் அம்மா. இது மதத்தில் கட்டாயமா என்று கேட்டபோது, கட்டாயம் என்று அவர்கள் சாதிக்கவில்லை. கட்டாயமில்லை, ஆனால் எங்களுடையது என்றார்கள். வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2007 அக்டோபரில் தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு மாணவி பக்கம் நின்றது. கட்டாயமில்லாமல் ஒருவர் மனமுவந்து கடைப்பிடிக்கும் வழக்கத்துக்கும் மதிப்பு உண்டு என்பது அதன் சாரம். ஒரே ஒரு சோகம். தீர்ப்பு வந்தபோது அந்தப் பெண் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு போய்விட்டிருந்தார்.

இப்போது அமெரிக்கா. கோஸ்ட்கோ என்ற பெரிய கடை நிறுவனத்தில் ஒரு கேஷியர், புருவத்தில் வளையம் போட்டிருந்தார். 2001-ல், முகத்தில் நகை கூடாது என்றது நிறுவனம். பிளாஸ்திரி ஒட்டி மறைத்துக்கொள் என்று பிறகு இறங்கியும் வந்தது. இது என் நம்பிக்கை, மறைக்க மாட்டேன் என்றார் அவர். உடலில் துளையிட்டுக்கொள்வதையே வழிபாடாகக் கொண்ட ஒரு சிறு சபையின் உறுப்பினர் அவர். 2004-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தன் ஊழியர்கள் வாடிக்கையாளர் முன் எப்படித் தோன்ற வேண்டும் என்று முடிவு செய்வது வியாபார உரிமை என்றது. பின்னாளில், 2023-ல், அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் மத நம்பிக்கை வழக்குகளில் அளவுகோலை உயர்த்தியது. ‘எங்களுக்குச் சிரமம்’ என்று முதலாளி சும்மா சொன்னால் போதாது, கணிசமான செலவாகும் என்று காட்ட வேண்டும் என்றது.

இரண்டு வழக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவருக்குப் பாட்டி சாட்சி. இன்னொருவருக்கு ஒரு சபை சாட்சி. ‘எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் போட்டிருக்கிறேன்’ என்று மட்டும் சொல்கிறவருக்கு யார் சாட்சி? யாரும் இல்லை. நம் சி.ஏ. பெண் நிற்பது அங்கேதான். பாட்டி பெயரைச் சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவருடைய ஆசை பாட்டியிடமிருந்து வந்ததல்ல என்பது அவருக்குத் தெரியும். பொய் என்று தேடினால், மடித்த வளையத்தில் அது இல்லை. இந்த சாட்சியத்தில்தான் இருக்கிறது.

சரி, வெறும் விருப்பத்துக்கு என்ன மதிப்பு? கொஞ்சம் குறைவுதான். பிறப்பால் வந்த நிறத்துக்காக ஒருவரை வேலைக்கு வேண்டாம் என்பதும், அவரே தேர்ந்தெடுத்த வளையத்துக்காக வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. தேர்ந்தெடுத்தவர் செலவில் ஒரு பங்கை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் குறைவு என்றால் பூஜ்யம் என்று அர்த்தமில்லை. ‘பொம்பளைப் பிள்ளையை ஆடிட்டுக்கு அனுப்பாதீங்க’ என்று கஸ்டமர் சொன்னால், இன்றைக்கு எந்த ஆடிட்டராவது சரி என்று தலையாட்டினால் நமக்குக் கோபம் வராதா? கஸ்டமருக்குப் பிடிக்கவில்லை என்பது ஒரு தகவல். அதுவே தீர்ப்பாகிவிட முடியாது.

அப்படியானால் எந்த விதிக்குக் கட்டுப்படலாம், எந்த விதிக்கு மனசு சுருங்க வேண்டும்? நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு பொருளை வைத்துச் சொல்கிறேன். செருப்பு.

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம். அடுத்தவர் வீட்டுப் படியில் கழற்றுகிறோம். யாருக்காவது அவமானமாக இருக்கிறதா? இல்லை. ஆனால் இதே தமிழ்நாட்டில், சில தெருக்களில் நடக்கும்போது சிலர் மட்டும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற கொடுமை இருந்தது. செருப்பு அதேதான். கழற்றுகிற கையும் கைதான். ஒன்று மரியாதை, இன்னொன்று அவமானம். வித்தியாசம் எதில்? கோயிலில் எல்லோரும் கழற்றுகிறார்கள். தெருவில் சிலர் மட்டும்.

ஒரு மூக்கு வளையத்தை அந்தக் கொடுமையோடு சமமாக்கவில்லை. அந்தத் தட்டில் வைக்கக் கூடிய எடை இது இல்லை. ஆனால் அந்தக் கேள்வி எல்லா விதிக்கும் பொருந்தும். எல்லோரும் கழற்றுகிறார்களா, சிலர் மட்டுமா?

ஆபரேஷன் தியேட்டரில் மோதிரம், வளையல், கம்மல், மூக்குத்தி எல்லாம் வெளியே. பெரிய சர்ஜனுக்கும் அதே, புது நர்ஸுக்கும் அதே. பிஸ்கட் பாக்டரியில் மாவு பிசையும் இடத்திலும் அப்படித்தான். காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. கழற்றி வைத்துவிட்டு நிம்மதியாக வேலை பார்க்கலாம். ஆனால் அந்த டர்பன் பள்ளியில் காதில் சின்னக் கம்மல் போடலாம், மூக்கில் கூடாது. அந்தக் கடையிலும் காதில் போடலாம், முகத்தில் கூடாது. நம் ஊர் ஆபீஸ்களில் மூக்கின் பக்கவாட்டில் எட்டுக்கல் பேசரி மின்னலாம், லட்சணம். அரை அங்குலம் தள்ளி நடுவில் வந்தால், ஒழுங்கீனம். அப்போது பிரச்னை உலோகத்தில் இல்லை, சுத்தத்தில் இல்லை, வேலையில் இல்லை. பழகியதற்கும் பழகாததற்கும் நடுவே இருக்கும் அந்த அரை அங்குலத்தில்தான் இருக்கிறது.

இனி அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். மடித்துக்கொண்டு போவது பொய்யா?

இல்லை என்பது என் கட்சி. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய் ஆகாது. சட்டைக்குள் தாயத்து இருக்கிறது என்று இன்டர்வியூவில் யாரும் அறிவிப்பதில்லை. உன்னிடம் அவர்கள் வாங்கப்போவது வேலை. மொத்த ஆளையும் அல்ல. ஆனால் ‘முகத்தில் வேறு ஏதாவது குத்தியிருக்கிறாயா?’ என்று நேராகக் கேட்டால், ‘ஆமாம் சார்’ என்றுதான் சொல்ல வேண்டும். கணக்குத் தணிக்கை செய்யப்போகிறவர் முதல் நாளே பொய்க் கணக்கு எழுதக் கூடாது. அதற்காக வேலை போனால், போகட்டும். இரண்டு வருஷம் அந்த இடத்தில் மூச்சு முட்டுவதைவிட அது லாபம்.

இன்னொன்றையும் அந்தப் பெண் தனக்குத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் வளையத்தை மடிக்கும்போது மனசில் என்ன நடக்கிறது? வாசலில் செருப்பை விடுவதுபோல் இருந்தால், நல்லது, மடியுங்கள். தெருவில் செருப்பைக் கையில் எடுப்பதுபோல் இருந்தால், அந்த ஆபீஸ் உங்களுக்கில்லை. இந்த வித்தியாசத்தை அப்பா சொல்ல முடியாது. ஆடிட்டர் சொல்ல முடியாது. நான் சொல்லவே முடியாது.

ஆனால் நான் முக்கியமாகப் பேச விரும்புவது அந்தப் பெண்ணிடம் அல்ல. உங்களிடம்தான். ஆமாம், இருபது வருஷ சர்வீஸ் முடித்து, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், இன்டர்வியூ மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களிடம்.

1966-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். பட்டுப்புடவை, மல்லிகைப்பூ, இரண்டு பக்கமும் வைர மூக்குத்தி. அந்த அவையில் பலருக்கு அது பழகாத காட்சியாக இருந்திருக்கும். ஆனால் அவரிடம் போய், ‘அதைக் கழற்றிவிட்டு வாருங்கள்’ என்று யார் சொல்லியிருக்க முடியும்? அவருக்கு நற்பெயர் இருந்தது. நற்பெயர் இருப்பவருக்குத் துணிச்சல் மலிவு. அது இல்லாத இருபத்தியிரண்டு வயதுக்குத் துணிச்சல் யானை விலை. நாமோ எப்போதும் சின்னவர்களைப் பார்த்துத்தான், ‘தைரியமா இரு, நீ நீயா இரு’ என்று உபதேசம் செய்கிறோம். வசதி உள்ளவன் இலவசமாக வாங்கும் சரக்கை, இல்லாதவன் தலையில் முழு விலைக்குக் கட்டுகிறோம்.

செலவைத் தாங்கக் கூடியவர்தான் செலவை ஏற்க வேண்டும். ‘அந்தப் பொண்ணு வேலை சுத்தம்ங்க, மூக்கை விடுங்க’ என்று சௌகார்பேட்டைப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்ல, முப்பது வருஷப் பெயர் உள்ள ஆடிட்டருக்கு எவ்வளவு செலவாகும்? ஒரு டீ குடிக்கிற நேரம். அதே வார்த்தையை அந்தப் பெண் சொல்ல முயன்றால், வேலையே போகலாம்.

இன்டர்வியூவில் ஒருவர் மூக்கைப் பார்த்து உங்கள் கண் கூசினால் கூசட்டும், அது இயற்கை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘இதனால் வேலை கெடுமா, அல்லது எனக்குப் பழக்கமில்லையா?’ வேலை கெடும் என்றால் எல்லோருக்கும் ஒரே விதி போடுங்கள், உங்கள் வைரத்தோட்டையும் சேர்த்து. பழக்கமில்லை என்றால், பழகிக்கொள்ளுங்கள். கடுக்கனுக்குப் பழகிய கண், பிறகு கடுக்கன் இல்லாத காதுக்கும் பழகிய கண் நம்முடையது. அதற்குப் பெரிய சம்பளம் எதுவும் கேட்காது.